புரளலைத் தடுக்கும் கூளம்: கிரீன்லாந்து ஃபியோர்டுகளில் மிதபனியும் பனியாற்று முகப்பும்

மேற்குக் கிரீன்லாந்தில், டிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் இலுலிசாட் ஊரை ஒட்டிக் கடலோடு கலக்கும் கங்கியா ஃபியோர்டு வரைபடங்களில் நீர்ப்பரப்பாகத் தீட்டப்பட்டிருக்கும். ஆண்டின் பெரும்பகுதியில் அதன் உட்பகுதியில் நீர் கண்ணில் படுவதே இல்லை. கிரீன்லாந்துப் பனிவிரிப்பில் ஏறத்தாழ 6.5 விழுக்காட்டுப் பரப்பின் பனியை வடித்துக் கடலில் சேர்க்கும் செர்மெக் குயல்லெக் பனியாறு, டேனிஷ் பெயரில் யாக்கோப்ஸ்ஹாவ்ன் இஸ்ப்ரே, இந்த ஃபியோர்டின் தலைப்பில் முடிகிறது. அதன் முகப்பிலிருந்து உடைந்து விழும் பனிப்பாறைகளில் பெரியவை ஃபியோர்டு வாயிலில் 200–250 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் நீரடித் திட்டில் தரைதட்டி நிற்கின்றன. பின்னால் வருபவை நெருக்கியடித்துச் சேர்கின்றன. மலையளவு பாறைகளும், வீட்டளவு கட்டிகளும், நொறுங்கிய தூளும், குளிர்காலத்தில் இடைவெளிகளில் உறையும் கடற்பனியும் ஒன்றாகச் சேர்ந்த இத்திரளை இங்கே பனிக்கூளம் என்று அழைப்போம். இது பனியாறு கழித்துப் போட்ட எச்சம் மட்டுந்தானா, அல்லது பனியாற்றின் நடத்தையையே திருப்பிப் பாதிக்கும் ஒன்றா என்பது கடந்த கால் நூற்றாண்டாகப் பனியியலார் இடையே விவாதிக்கப்படும் கேள்வி. கூளம் பனியாற்றின் ஓட்டத்தை நிறுத்துவதில்லை, பனிப்பாறை புரள்வதையே அது நிறுத்துகிறது. கடல் வெப்பநிலையின் மாற்றம் பனியாற்றைச் சென்றடையும் வழிகளில் முதன்மையான ஒன்று இந்தக் கூளத்தின் இறுக்கமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

கூளத்தின் இயக்கத்திலிருந்து தொடங்கலாம். ஜேசன் அமண்ட்சனும் உடனாய்வாளர்களும் தொடர்நிழற்படங்கள், நிலநடுக்கப் பதிவுகள், அலை அளவீடுகள் ஆகியவற்றை ஒருங்கே கொண்டு 2010இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் திரள் தன்னிச்சையாக மிதந்து திரிவதில்லை என்பதைக் காட்டியது. இரண்டு உடைவுகளுக்கு இடைப்பட்ட காலத்தில், குளிர்காலம் முழுவதிலுங்கூட, முன்னேறும் முகப்பு கூளத்தை நாளொன்றுக்குச் சுமார் 40 மீட்டர் வீதம் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டே போகிறது. நீரோட்டங்கள் அதை அசைப்பது அரிது. ஒரு பெரும் உடைவு நேரும்போது நிலைமை தலைகீழாகிறது: நாளுக்கு 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 35 மீட்டர் அளவில், பத்து நிமிடங்களுக்கும் கூடுதலாகக் கூளம் பாய்கிறது, பிறகு மீண்டும் இறுகி நின்றுவிடுகிறது. குளிர்காலத்தில் பனியாற்றின் முழுத்தடிப்பையும் உள்ளடக்கிய பாறைகள் உடைந்து விழுவது நின்றுபோக, முகப்பு சில கிலோமீட்டர் முன்னேறுகிறது. கோடையில் கூளம் தளர்ந்ததும் அதே அளவு பின்வாங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைக் கூளமே ஆள்கிறது என்றார் அமண்ட்சன். அவர் அதற்குத் தந்த உருவகம் வலுக்குன்றிய, மணிமணியான ஒரு மிதக்கும் பனித்தட்டு.

உடனே எழும் மறுப்பு எளிமையானது, ஆனால் கடுமையானது. மிதக்கும் சிதறல்கள் ஒரு கிலோமீட்டர் தடிப்புள்ள பனிச்சுவரை எப்படித் தாங்கும்? கணக்கும் மறுப்பாளர் பக்கமே நிற்பதாகத் தோன்றும். 1,000 மீட்டர் தடிப்புள்ள, மிதக்கும் நிலைக்கு நெருங்கிய பனிமுகப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பனியின் எடையால் உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தத்துக்கும் கடல்நீர் எதிரே தரும் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை முழு ஆழத்துக்கும் கூட்டினால், முகப்பின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் ஏறத்தாழ 48 கோடி நியூட்டன் கிடைக்கும். கூளம் தரக்கூடிய எதிர்விசையாக அமண்ட்சன் குழுவின் பகுப்பாய்வில் பேசப்படுவதோ மீட்டருக்கு 1 கோடி நியூட்டன் அளவு, அதாவது முந்தையதில் சுமார் 2 விழுக்காடு. பனியாற்றின் ஓட்டத்தை நிறுத்தும் அணையாகக் கூளத்தைக் கருதுபவர் இந்த எண்ணின் முன் வாயடைத்துப் போக வேண்டியதுதான். குளிர்காலத்திலும் பனியாறு நிற்பதில்லை என்பதே அதற்கு நேரடிச் சான்று. கூளத்தைத் தள்ளிக்கொண்டே அது நகர்கிறது.

ஆனால் இந்தக் கணக்கு வேறொரு கேள்விக்கான விடை. முகப்பு பின்வாங்க வேண்டுமானால் பனி வெட்டுண்டால் மட்டும் போதாது, வெட்டுண்ட துண்டு அகலவும் வேண்டும். யாக்கோப்ஸ்ஹாவ்ன் போன்ற பனியாறுகளில் துண்டின் உயரம், அதாவது பனியாற்றின் தடிப்பு, ஓட்டத்திசையில் அதன் நீளத்தைவிட மிகுதியாக இருப்பது வழக்கம். நிமிர்ந்த நிலையில் மிதக்க இயலாத அத்தகைய துண்டு உடைந்த கையோடு குப்புறவோ மல்லாந்தோ புரண்டாக வேண்டும். புரளும்போது அதன் ஒரு முனை முகப்பை உதைக்கிறது, மறுமுனை கூளத்தை. 2003இல் கோரன் எக்ஸ்ட்ரோமும் மெரடித் நெட்டில்ஸும் ஜெஃப்ரி ஏபர்ஸும் இனங்கண்ட பனியாற்று நிலநடுக்கங்கள், ஏறத்தாழ 5 என்ற நிலநடுக்க அளவினவை, முதலில் பனியாறு திடீரெனச் சறுக்குவதால் எழுபவை என்று எண்ணப்பட்டன. கிரீன்லாந்தின் ஹெல்ஹெய்ம் பனியாற்றின் மீது பொருத்திய கருவிகளைக் கொண்டு டவி மரேயின் குழு 2015இல் காட்டியது வேறு: பாறை புரளும் சில நிமிடங்களில் முகப்பு பின்னோக்கியும் கீழ்நோக்கியும் தள்ளப்படுகிறது. இவ்வளவு ஆற்றல் வெளிப்படும் நிகழ்வைத் தொடங்கவிடாமல் செய்ய அவ்வளவு ஆற்றல் தேவையில்லை. புரளல் தொடங்கும் கணத்தில் துண்டைச் சாய்க்கும் திருப்புவிசை மிகச் சிறிது. சாய்வு கூடக்கூடத்தான் அது பெருகுகிறது. ஆகவே தொடக்கத்தில் எதிர்ப்படும் மீட்டருக்கு 1 கோடி நியூட்டன் போதுமானது. 48 கோடியோடு ஒப்பிட்டு அதை அற்பம் என்று ஒதுக்குவது, ஒப்பிடக் கூடாத இரண்டை ஒப்பிடுவதாகும்.

அந்த 1 கோடி நியூட்டனை நங்கூரமில்லாத ஒரு சிதறல் திரள் எங்கிருந்து பெறுகிறது? விடை பனியியலில் இருந்து வரவில்லை, மணிப்பொருள்களின் இயற்பியலில் இருந்து வந்தது. குதிரில் கொட்டிய நெல்லின் எடை முழுவதும் அடித்தளத்தை அழுத்துவதில்லை, ஒரு பகுதியைச் சுவரின் உராய்வு ஏந்திக்கொள்கிறது; 1895இல் ஜெர்மானியப் பொறியாளர் யான்சென் இதைச் சமன்பாடாக்கினார். அதே நெல்லைக் கீழிருந்து மேலே தள்ளினால் சுவருராய்வு எதிர்ப்பாக மாறும்; நெல்மட்டம் உயர உயரத் தேவைப்படும் விசை நேர்விகிதத்தில் அல்லாமல் அடுக்குவீதத்தில் ஏறும். ஃபியோர்டின் பாறைச் சுவர்களுக்கிடையே பனியாறு கூளத்தைத் தள்ளுவது இத்தகையதே என்று அமண்ட்சனும் எமரி பல்கலைக்கழகத்தின் இயற்பியலர் ஜஸ்டின் பர்ட்டனும் 2018இல் வாதிட்டனர். இதன்படி எதிர்விசையைத் தீர்மானிப்பது கூளத்தின் மொத்த எடையைக் காட்டிலும் அதன் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதமே. குறுகிய ஃபியோர்டில் நீண்டு கிடக்கும் கூளம் இறுகுகிறது. அகன்ற விரிகுடாவில் அதே அளவு பனி பயனற்றுப் பரவிவிடுகிறது. கட்டுரையின் இறுதியில் இந்த வேறுபாடு முக்கியமாகும்.

கூளம் உடைவைத் தடுக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று 2021இல் வந்தது. ரையன் கசோட்டோவின் குழு யாக்கோப்ஸ்ஹாவ்ன் முகப்பை நோக்கித் தரையில் நிறுத்திய ரேடார் 3 நிமிடங்களுக்கு ஒருமுறை கூளத்தின் அசைவைப் பதிவு செய்தது. ஒன்றோடொன்று இணைந்து ஒரே சீராக நகர்ந்துகொண்டிருந்த பனிப்பாறைகள், உடைவுக்கு முன்னதாக, சில வேளைகளில் ஒரு மணி நேரம் வரை முன்னதாக, அந்த ஒருமையை இழந்து தாறுமாறாக இடம்பெயரத் தொடங்கின. இந்தக் கால வரிசைதான் முக்கியம். உடைவினால் கூளம் கலைகிறது என்பது எவரும் கண்ணால் காணக்கூடியது. உடைவதற்கு முன்பே கூளம் கலைகிறது என்பது காரணம் எது, காரியம் எது என்பதை மாற்றிப்போடுகிறது. முகப்பில் விரிசல் மெல்லத் திறக்கத் தொடங்கியதே கூளத்தைக் குலைத்திருக்கலாம் என்று சொல்ல இடமுண்டு. ஆனால் கூளத்தின் உள்ளிருக்கும் பாறைகள் நெரிபட்டு மடங்கி மறுசீரமைவதை மட்டும் கொண்டே அக்குழுவின் துகளியக்க மாதிரி இதே குலைவை உருவாக்கிக் காட்டியிருக்கிறது.

கூளம் இருப்பதும் கூளம் இறுகியிருப்பதும் ஒன்றல்ல. பனிப்பாறைகளுக்கு இடையில் உறையும் கடற்பனிதான் பிணைப்பு. அலெக்சாண்டர் ரோபெல் 2017இல் வெளியிட்ட மாதிரி, இந்தப் பிணைப்புப் பனி மெலிந்தால் கூளத்தின் எதிர்விசை குன்றி உடைவு எளிதாகும் என்று காட்டியது. செயற்கைக்கோள் படத்தில் கோடையிலும் குளிரிலும் கங்கியா வெண்மையாகவே தெரியும். வெண்மையின் பரப்பை அளந்து கூளத்தின் வலிமையை ஊகிக்க முயன்ற பழைய ஆய்வுகள் சில முரணான முடிவுகளுக்கு வந்ததற்கு இதுவே காரணம் என்று கருத இடமுண்டு. அளக்க வேண்டியது கூளம் ஒரே உடலாக நகர்கிறதா என்பதை.

இனிக் கடலுக்கு வருவோம். யாக்கோப்ஸ்ஹாவ்ன் முகப்பின் இருப்பிடம் 1851இல் ஹின்ரிக் ரிங்க் காலத்திலிருந்து பதிவாகியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பல பத்தாண்டுகள் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்ற அந்த முகப்பின் முன்னிருந்த சுமார் 15 கிலோமீட்டர் நீள மிதக்கும் நாக்கு 1990களின் இறுதியில் தொடங்கிச் சில ஆண்டுகளில் சிதைந்தது. ஓட்ட வேகம் 1992இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 5.7 கிலோமீட்டராக இருந்து 2003இல் 12.6 கிலோமீட்டராக உயர்ந்தது. 2012 கோடையில் ஆண்டுக்கு 17 கிலோமீட்டர் என்ற வீதத்தைத் தொட்டது. 1997இல் இர்மிங்கர் கடலிலிருந்து வெப்பமான நீர் மேற்குக் கரையை எட்டியதே இதன் தொடக்கம் என்று டேவிட் ஹாலண்டின் குழு 2008இல் நிறுவியது. கடல்வெப்பம் பனிநாக்கின் அடியை உருக்கியது, நாக்கு மெலிந்து உடைந்தது, அதன் தாங்கல் போனதும் பனியாறு விரைந்தது என்ற இந்த விளக்கம் நாக்கு இருந்த காலத்துக்கு முற்றிலும் பொருந்துகிறது. நாக்கு போன பிறகும் அதே விளக்கத்தை நீட்டிக்கொண்டு போவதில்தான் சிக்கல்.

2016இல் டிஸ்கோ விரிகுடாவின் ஆழ்நீர் 1980களின் நிலைக்குக் குளிர்ந்தது. பனியாறு வேகம் குறைந்தது, முகப்பு முன்னேறியது, பனி ஆண்டுக்குச் சுமார் 20 மீட்டர் வீதம் தடித்தது. அலா கஸெந்தாரின் குழு 2019இல் இதைக் கடல் குளிர்ச்சியோடு இணைத்தது, இணைப்பில் ஐயமில்லை. ஆனால் கடலின் கை எந்த வழியாக நீண்டது? இயன் ஜோகினின் குழு 2020இல் பத்தாண்டு வேகப் பதிவுகளையும் கூளத்தின் இறுக்கத்தையும் ஒருங்கே வைத்துப் பார்த்தது. 2016–17, 2017–18 ஆகிய இரு குளிர்காலங்களிலும் கூளம் வழக்கத்தைவிட நீண்ட காலம் இறுகியிருந்தது. முகப்பு முந்தைய சில குளிர்காலங்களைவிடச் சுமார் 6 கிலோமீட்டர் கூடுதலாக முன்னேறியது. வேகக் குறைவு கோடையிலன்றிக் குளிர்காலத்தில் ஏற்பட்டதால், கடலின் செல்வாக்கு கோடை நீரடி உருகலைக் காட்டிலும் குளிர்காலக் கூளத்தின் வழியாகவே வந்தது என்று அவர்கள் முடிவு செய்தனர்.

தற்செயலாக, அதே இரு குளிர்காலங்களில் தீவின் மறுகரையில் எதிர்மாறான ஒன்று நடந்தது. தென்கிழக்கில் காங்கர்லுஸ்ஸுவாக் பனியாற்றின் முன் கண்டத்திட்டு நீர் வெப்பமடைந்திருந்தது. இறுகிய கூளம் உருவாகவில்லை. குளிர்காலத்தில் முன்னேற வேண்டிய முகப்பு முன்னேறாமல் தொடர்ந்து உடைந்தது. 2018 முடிவில் அது சுமார் 5 கிலோமீட்டர் பின்வாங்கி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கண்டிராத உள்நிலையை எட்டியதாகச் சூசன் பெவனின் குழு பதிவு செய்தது. ஒரே காலம், ஒரே பனிவிரிப்பு, எதிரெதிர் கடல்நிலை, எதிரெதிர் கூளநிலை, எதிரெதிர் விளைவு. திட்டமிட்டுச் செய்ய முடியாத சோதனையை இயற்கை செய்து காட்டியது என்றே இதை நான் கொள்கிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு, கூளமும் முகப்பும் மூன்றாவதொரு காரணத்தின் இரு விளைவுகளாக இருக்கலாம் என்பது. குளிர் வந்தால் கடற்பனி உறைகிறது. அதே குளிரில் பனியாற்றின் அடியில் ஓடி முகப்பின் அடியில் பீறிட்டு எழும் உருகுநீரும் வற்றுகிறது. அந்த நீர்ப்பீச்சு இல்லாமல் நீரடி உருகலும் தணிகிறது. முகப்பு முன்னேறுவது கூளத்தாலா, உருகல் தணிந்ததாலா? பருவச் சுழற்சியை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிக்க இயலாது. குளிர்காலங்களைத் தம்முள் ஒப்பிட்டால் பிரிக்கலாம். எந்தக் குளிர்காலத்திலும் மேற்பரப்பு உருகுநீர் இல்லை. எனவே ஒரு குளிர்காலத்துக்கும் மற்றொன்றுக்கும் உள்ள 6 கிலோமீட்டர் வேறுபாட்டை அதைக் கொண்டு விளக்க முடியாது. ஆழ்நீரின் வெப்பம் நீரடி உருகலை நேரடியாக மாற்றியிருக்கலாம் என்பது எஞ்சும் வாய்ப்பு. நாளுக்குப் பல பத்து மீட்டர் நகரும் முகப்பில், பீச்சு இல்லாத குளிர்காலத்து உருகல் அந்த முன்னேற்றத்தில் சிறு பங்கையே தின்ன முடியும். ஆயினும் ஜோகின் குழுவின் முடிவு, உருகலுக்கு இடமே இல்லை என்பது போல் எடுத்தாளப்படும்போது மிகையாகிறது. ஆழ்நீரின் வெப்பம் மேலெழுந்து இடைவெளிக் கடற்பனியை மெலிவிக்க வேண்டுமானால், அதை மேலே கொணர்வதில் பாறைகளின் ஆழ்ந்த அடிப்பகுதிகளிலும் முகப்பிலும் நடக்கும் உருகலுக்கே பங்குண்டு. உருகலும் கூளமும் ஒரே சங்கிலியின் அடுத்தடுத்த கண்ணிகள்.

மற்றொரு மறுப்பு, கூளம் உடைவைத் தள்ளிப்போடுகிறதே தவிர ஆண்டுக் கணக்கில் எதையும் மாற்றுவதில்லை என்பது: குளிரில் உடையாதது கோடையில் உடைந்து கணக்கு நேராகிவிடும். தட்டையான படுகையில் இது சரியாக இருக்கலாம். யாக்கோப்ஸ்ஹாவ்னின் படுகை உள்நோக்கி ஆழமாகிறது. குளிர்காலத்தில் கூடுதலாக முன்னேறிய முகப்பு ஆழம் குறைந்த இடத்தை எட்டியது; அங்கே முகப்பின் உந்துவிசை குறைய, ஓட்டம் தணிந்தது; தணிந்த ஓட்டத்தில் பனி தடித்தது; தடித்த பனி மிதக்கும் நிலையிலிருந்து விலகியது. முழுத்தடிப்பு உடைவுக்கு மிதக்கும் நிலையை நெருங்கியிருப்பது நிபந்தனை என்பதால், அடுத்த கோடையின் உடைவும் கட்டுப்பட்டது. ஒரு பருவத்தின் தாமதம் இப்படிப் பல ஆண்டுத் தடிப்பாகச் சேமிக்கப்படுகிறது. காங்கர்லுஸ்ஸுவாக்கில் அதே பொறி எதிர்த்திசையில் சுழன்றது.

அலாஸ்காவின் கொலம்பியா பனியாற்றை எதிர்ச்சான்றாக நிறுத்துவோர் உண்டு. 1980 அளவில் தன் முனைப்படிவுத் திட்டை விட்டு விலகத் தொடங்கி, பின்னர் 20 கிலோமீட்டர் அளவுக்குப் பின்வாங்கிய அதன் முன், திட்டுக்குப் பின்னால் அடைபட்ட பனித்துண்டுகள் நிறைந்திருந்தன. அவை பின்வாங்கலை நிறுத்தவில்லை. இந்த எடுத்துக்காட்டு கூளத்தின் இருப்புக்கும் இறுக்கத்துக்கும் இடையே மேலே சொன்ன வேறுபாட்டைக் குலைப்பதாகத் தெரியவில்லை. மிதவெப்பக் கடலோரத்தில் துண்டுகள் சிறியவை, அவற்றை மாதக்கணக்கில் பிணைத்து வைக்கும் கடற்பனி இல்லை. இருப்பு இருந்தது, இறுக்கம் இல்லை. பனியை அடைத்து வைக்கும் திட்டு ஒன்றே போதும் என்று எண்ணியவர்களுக்கே கொலம்பியா பதில் சொல்கிறது.

கூளம் தன்னைச் சூழ்ந்த கடலையும் மாற்றுகிறது. ஹெல்ஹெய்ம் பனியாறு முடியும் செர்மிலிக் ஃபியோர்டை மாதிரியாக்கிய பெஞ்சமின் டேவிசனின் குழு 2020இல் காட்டியபடி, பனிப்பாறைகள் நீருக்கடியில் உருகுவது ஃபியோர்டு நீரைக் குளிர்வித்து உவர்ப்பைக் குறைத்து, பனியாற்றை நோக்கிச் செல்லும் வெப்பத்தின் அளவையே கணிசமாக மாற்றுகிறது. ஆக, ஃபியோர்டு வாயிலில் அளந்த வெப்பநிலையை அப்படியே முகப்புக்கு ஏற்றிக் கணக்கிடும் மாதிரிகள், இடையில் நிற்கும் கூளத்தை இருமுறை விட்டுவிடுகின்றன: வெப்பத்தை வடிக்கும் இடைத்தளமாகவும், புரளலைத் தடுக்கும் விசையாகவும்.

இவ்வளவும் சொன்ன பிறகு இந்த வாதத்தின் எல்லையையும் குறித்தாக வேண்டும். மேற்கு அண்டார்க்டிகாவில் உயர்ந்த பனிச்செங்குத்துகள் சரிந்தாலும், சரிந்த பனியே கூளமாகி அடுத்த சரிவை மட்டுப்படுத்தும் என்ற நம்பிக்கை சில விவாதங்களில் எழுகிறது. டேவிட் பொல்லார்டும் ராபர்ட் டிகான்டோவும் ரிச்சர்ட் ஆலியும் 2018இல் யாக்கோப்ஸ்ஹாவ்ன் ஃபியோர்டின் இன்றைய நிலைக்குப் பொருத்திய கூள மாதிரி ஒன்றை, பிளியோசீன் காலத்து வெப்பநிலையில் அண்டார்க்டிகாவுக்குப் பயன்படுத்திப் பார்த்தனர். பெருந்தொகையாகக் கூளம் உருவாகியும் பின்வாங்கல் பெரிதாகத் தணியவில்லை. கூளத்தின் தடையைக் கங்கியாவில் பொருந்தும் அளவுக்கு மிக அப்பால் உயர்த்தியபோதும் மேற்கு அண்டார்க்டிகா சரிந்தது. கிழக்கில் சில படுகைகளில் மட்டுமே பின்வாங்கல் தணிந்தது அல்லது நின்றது. நீள–அகல விகிதத்தின் கணக்கை ஏற்பவருக்கு இதில் வியப்பில்லை. சில கிலோமீட்டர் அகல ஃபியோர்டில் சுவரோடு சுவராக இறுகும் கூளத்துக்கு, மேற்கு அண்டார்க்டிகாவில் நூறு கிலோமீட்டரை ஒட்டிய அகலமுள்ள திவைட்ஸ் பனியாற்றின் முன் சாய்ந்து நிற்கச் சுவர் கிடையாது. கிரீன்லாந்து ஃபியோர்டுகளில் பெற்ற எதிர்விசை எண்களை அகலம் பாராமல் தெற்கே கொண்டுசெல்லும் மாதிரி, கூளத்தைப் புறக்கணிக்கும் மாதிரியைவிடக் கூடுதலாகவே தவறக்கூடும்.